அகஸ்ரினா அடித்த சர்க்கரைக் கேக்

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் கேக் செய்வதில்லை, கேக் அடிப்பார்கள். முட்டையை அடித்து, பட்டரை அடித்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கை விட்டுப்போகும்வரை அடிப்பதால் அந்தப் பேச்சு. அகஸ்ரினாவின் வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று அவளுடைய புருஷன் சந்தியோகு சொல்லுவார்.

"ஊரில ஆம்பிளையளுக்குத் துடுப்பு வலிச்சுத் தோள் ஏறும். என்ர மனிசிக்கு முட்டை அடிச்சு ஏறிப்போச்சு."

அகஸ்ரினா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கைக்குழந்தையோடு வள்ளம் ஏறி இராமேஸ்வரத்தில் போய் இறங்கினாள். பிறகு இருபது வருஷத்துக்கு மேல் மண்டபம் முகாம்தான் ஊர். கேக் அடிக்கப் பழகியதும் அங்கேதான். முகாமில் போறணை அடுப்பு ஏது? பெரிய தகர டின்னுக்குள் கடல் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் கேக் தட்டை இறக்கி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணலை அள்ளிப் போடுவாள். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. மணிக்கூடும் இல்லை. அதனால் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்திவிடுவாள். இரண்டு செபமாலை முடிந்தால் கேக் வெந்திருக்கும், திறந்து பார்க்கவே தேவையில்லை. புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கு, பிள்ளை பெற்று வந்தவளுக்கு, துக்கம் கழிந்த வீட்டுக்கு என்று அந்தக் கேக் முகாமின் எல்லா வரிசைகளுக்கும் போனது. ஒருநாளும் விற்றதில்லை. "ஆண்டவர் கையைத் தந்தது குடுக்கத்தான்" என்பாள்.

சண்டை ஓய்ந்த பிறகு மகள் ஜெனிஸ்ரா கலியாணம் முடித்து அந்தக் கரையிலேயே தங்கிவிட, புருஷனும் பெண்சாதியுமாக ஊருக்குத் திரும்பினார்கள். வீட்டுத்திட்டத்தில் சுவர் பூசாத ஒரு வீடு கிடைத்தது. எல்லாம் கிடைத்தும் அவளுடைய வாய் மட்டும் ஊருக்குத் திரும்பவில்லை. பாணைப் 'பிரெட்' என்பாள். சவர்க்காரத்தைச் 'சோப்பு' என்பாள். பக்கத்து வீட்டு றஞ்சிதம், வன்னி முழுவதும் இடம்பெயர்ந்து அலைந்து வந்தவள், நாக்கு கூர்மையானவள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்பாள்.

"மண்டபத்தாள்! இண்டைக்குக் காலமை பிரெட்டோ, பாணோ?"

அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. ஊரில் முதல் நத்தாருக்கு, அந்தக் கிறிஸ்மஸ் பண்டிகைக்கு, அகஸ்ரினா அயல் முழுவதும் பலகாரத் தட்டு அனுப்பினாள். தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது ஊர் வழக்கம், தங்கள் அடுப்பில் சுட்டதை வைத்துத்தான் திருப்புவார்கள். அவளுடைய தட்டுகள் கடை பிஸ்கட்டோடு திரும்பி வந்தன. அவள் தட்டுகளைக் கழுவி வைத்தாள். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மார்கழியில் ஒருநாள் சபூரா தொலைபேசி எடுத்தாள்.

சபூராவின் வாப்பா மஹ்மூது முன்பு அதே தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து தாழ்வுபாட்டுக்குக் கருவாடு வாங்க வருகிறவர். சைக்கிள் கரியரில் அவரோடு வந்த சிறுமிதான் சபூரா. கருவாடு நிறுத்து முடியும்வரை இரண்டு பேரும் கரையில் விளையாடுவார்கள். அந்தச் சிநேகிதம் இருவரும் கலியாணம் முடித்த பிறகும் விடவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், ஆயுதம் வைத்திருந்தவர்கள் தீவிலிருந்த முஸ்லிம் சனம் எல்லோரையும் உடுத்த உடுப்போடு போகச் சொன்னார்கள். சபூராவும் புருஷன் அப்துல் றசாக்கும் வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் இறங்கி, புத்தளத்து ஓலைக் கொட்டிலில் குடியிருந்தார்கள். ஒரே வருஷத்தில் ஒரே கடல் ஒருத்தியை மேற்கே கொண்டுபோனது, மற்றவளைத் தெற்கே கொண்டுபோனது.

"அகஸ்ரி, நாங்க வாறம் புள்ள. உங்கட பெருநாளுக்கு அடுத்த நாள். எருக்கலம்பிட்டிக் காணியைப் பார்க்க இவரு ஒருமாதிரி ஓம் எண்டிட்டாரு."

"அப்ப மத்தியானச் சாப்பாடு எங்கட வீட்டிலதான். கேக்கும் அடிக்கிறன்."

மற்றப் பக்கத்தில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சபூரா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சாப்பிடுவன். இவரு கை நனைக்கமாட்டாரு. 'வெறுங்கையோட எங்களை அனுப்பின மண்ணில இனி ஒரு மிடறு தண்ணியும் குடிக்கமாட்டன்' எண்டு கற்பிட்டியில இறங்கேக்க சொன்னவரு. இண்டைக்கும் அந்த வார்த்தையிலதான் நிக்கிறாரு. காணியைப் பார்த்திட்டு விக்கிற யோசினை. வித்தா நான் இனி ஏன் அந்தப் பக்கம் வாறன், சொல்லு?"

அகஸ்ரினா தொலைபேசியை வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் நின்றாள். ஒரு வீட்டில் கை நனைத்தவன் அந்த வீட்டோடு கோபம் வைத்திருக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும். அண்ணன் முறையில் அவள் 'நானா' என்று கூப்பிடுகிற றசாக் ஒருவாய் சாப்பிட்டால் போதும், மிச்சத்தை அந்தச் சோறே பார்த்துக்கொள்ளும். சாப்பிடாமல் போனால் காணி போய்விடும், காணியோடு சபூராவும் போய்விடுவாள்.

"மடுமாதாவே, நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்ல. அந்த மனிசன்ர கையை நனைச்சு விடு."

செபம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். சமையலுக்குப் புது மண்சட்டிகள் வாங்கினாள். கேக்குக்குப் புதுத் தட்டு. இறைச்சி அடுப்பில் ஏறாது, மீன் மட்டும்தான். நத்தார்க் கேக்குக்கு ஒரு மூடி பிராந்தி விடுவது வழக்கம். இந்த முறை அதுவும் இல்லை என்றாள். சந்தியோகு பதறிப்போனார்.

"அப்ப வாங்கி வைச்ச பிராந்தி?"

"போத்தலோட றஞ்சிதக்கான்ர மனுசனுக்குக் குடுத்திட்டன்."

"கர்த்தரே! அப்ப இண்டைக்குப் பின்னேரச் செபம் நான் அந்த வீட்டிலதான் சொல்லுவன்."

நத்தாருக்கு முதல்நாள் காலையில் றஞ்சிதம் மன்னார் பெரியகடைக்குப் புறப்பட்டாள். அகஸ்ரினா வேலியடிக்கு ஓடினாள்.

"அக்கா, எனக்குப் பட்டரும் ரவையும் கஜுவும் வேணும். மூண்டு கிலோ சக்கரையும்."

"என்னது, மூண்டு கிலோவோ?"

"ஓம் அக்கா. அயலுக்கும் குடுக்கோணும்."

றஞ்சிதம் ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. றஞ்சிதம் நனைந்து வந்து பையை வைத்தாள். அகஸ்ரினா கடைத்தாள் சுற்றிய சரையை அவிழ்த்தாள். உள்ளே கறுத்த மண்ணிறக் கட்டிகள்.

"அக்கா, இதென்ன?"

"நீ கேட்ட சர்க்கரை."

"நான் டீக்குப் போடுற சக்கரை எல்லோ கேட்டனான்!"

றஞ்சிதம் வாயில் கைவைத்தாள். மண்டபத்தில் சர்க்கரை என்றால் வெள்ளைச் சீனி. மன்னாரில் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிற வெல்லக்கட்டி. இருபது வருஷம் அந்தக் கரையில் பேசிய நாக்கு, இந்தக் கரையில் வந்து காலை வாரிவிட்டது.

"அடி மண்டபத்தாள், சீனி வேணுமெண்டா சீனி எண்டு சொல்லுறதுக்கு வாயுக்குள்ள என்ன கொழுக்கட்டையோ? இந்தியாக்காரர் கேக்குக்கும் சர்க்கரைதான் போடுவினமாக்கும் எண்டு நினைச்சு, மூண்டு கடை ஏறி இறங்கி, நல்ல கறுத்தக் கட்டியாப் பொறுக்கிக்கொண்டு வந்தனான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நின்று சிரிக்க முடியாமல் படியில் குந்தியிருந்து சிரித்தாள். அகஸ்ரினாவுக்கு அழுகை முட்டியது. சந்தியோகு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஊர்க்கடைக்கு ஓடிப்போய் வெறுங்கையோடு வந்தார். பண்டிகைக்கென்று எல்லோரும் வாங்கி, சீனி முடிந்துவிட்டது. மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை, பெரியகடைக்கு இனிப் போக வழியில்லை. சிரிப்பு அடங்கிய றஞ்சிதத்துக்கும் மனம் கேட்கவில்லை.

"எங்கட வீட்டில தேத்தண்ணிக்கு வைச்ச சீனி ஒரு சுண்டு கிடக்கு. தாறன்."

"ஒரு சுண்டு சீனியில என்ன கேக் அக்கா?"

அவள் அந்தக் கட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை உடைத்து நாக்கில் வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"சரி. ஆண்டவர் இதைத்தான் தந்திருக்கிறார் எண்டா இதை அடிச்சுப் பாப்பம்."

"சர்க்கரையில கேக்கோ? உனக்கென்ன விசரோ?"

"நீங்கள் தேங்காயைத் துருவுங்கோ அக்கா."

சர்க்கரையைத் தட்டிப் பாகாக்கி, மண் போகத் துணியில் வடித்து ஆறவைத்தாள். ரவையை வறுத்துப் பட்டரில் ஊறவிட்டாள். பாகு இறுகி வந்ததால் தேங்காயின் முதற்பாலை விட்டு இளக்கினாள். ஏலக்காய், சாதிக்காய், இடித்த கஜு முந்திரி. முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்து, கலவைக்குள் மெதுவாக விட்டாள். அவள் தோள் அன்றைக்கு வலித்ததுபோல் என்றும் வலித்ததில்லை. மணல் சூடாக இருந்தது. தட்டை இறக்கி, மூடிக்கு மேலே தணலைப் போட்டு, செபமாலையை எடுத்தாள்.

"உன்ர கேக்குக்கு மாதாவே நேரம் பாக்கிறா" என்றாள் றஞ்சிதம். என்றாலும் அவளும் பக்கத்தில் குந்தி முழந்தாளைக் கட்டிக்கொண்டு, "அர்ச்சயசிஷ்ட மரியாயே" என்று மறுமொழி சொன்னாள்.

முதல் செபமாலை முடிந்தது. இரண்டாவதில் மூன்றாம் பத்துச் செபம் நடக்கும்போது அகஸ்ரினாவின் மூக்கில் ஒரு வாசம் ஏறியது. கருகுவதற்கு ஒரு மூச்சு முந்தின வாசம். சீனி பொறுக்கிற சூட்டைச் சர்க்கரை பொறுக்காது. தொடங்கிய செபமாலையை அவள் வாழ்க்கையில் இடையில் விட்டதில்லை. அன்றைக்கு விட்டாள்.

"மன்னிச்சுக்கொள் மாதாவே!" என்று எழும்பி, கைத்துணியும் இல்லாமல் மூடியைத் தட்டித் தணல் முழுவதையும் கீழே சரித்தாள். பிறகு விரலை ஊதிக்கொண்டு வந்து குந்தி, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள். மிச்சம் அடிச்சூட்டிலேயே வெந்தது.

வெளியே வந்த கேக் பனங்கொட்டை நிறத்தில் இருந்தது.

"இது கேக்கோ, வள்ளத்துக்குப் பூசுற தாரோ?" என்றாள் றஞ்சிதம்.

அகஸ்ரினா மூலையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். றஞ்சிதம் வாயில் போட்டாள். மென்றாள். றஞ்சிதம் பேசாமல் இருந்ததை அந்தத் தெரு கண்டதில்லை.

"எப்பிடி அக்கா?"

"இன்னொரு துண்டு வெட்டு."

"நாளைக்குத் தாறன்."

"வெட்டடி எண்டன்!"

அடுத்தநாள் பூசை முடிந்து தட்டுகள் அயலுக்குப் போயின. ஒரு பக்கம் அச்சில் சுட்ட கொக்கிஸ், மற்றப் பக்கம் எண்ணெய்த் தாளில் சுற்றிய கறுத்தக் கேக். மத்தியானத்துக்குள் தட்டுகள் திரும்பி வந்தன. ஒன்றில் பயற்றம்பணியாரம், ஒன்றில் முறுக்கு, ஒன்றில் இன்னும் சூடு ஆறாத சீனி அரியதரம். தட்டைக் கொண்டுவந்த சின்னப் பெட்டை போகாமல் நின்றாள். "மாமி, அம்மா இன்னும் ஒரு துண்டு கேட்டவ. சுகமில்லாத அம்மம்மாவுக்காம்." அம்மம்மா காலையில் கோயிலில் எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடியதை அகஸ்ரினா கண்டவள்தான். என்றாலும் கொடுத்துவிட்டாள். றசாக்குக்கென்று வைத்த பாதியை மட்டும் அலுமாரிக்குள் பூட்டினாள்.

மறுநாள் வெயில் எறித்தது. காணியைப் பார்த்துவிட்டுச் சபூராவும் றசாக்கும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். சபூராவும் அகஸ்ரினாவும் வேலிப் படலையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "நீ கிழவியாப் போனாய்" என்றாள் ஒருத்தி. "நீ மட்டும் என்ன குமரியோ?" என்றாள் மற்றவள். இரண்டு பேரும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள், மறுபடி சிரித்தார்கள்.

றசாக் நெடிய மனிதர். தாடி வெளுத்திருந்தது. கையில் கடைத் தண்ணீர்ப் போத்தல். விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்தார், உள்ளே வரவில்லை. காணி முழுவதும் பத்தைப் புதர் மூடிக்கிடந்ததைக் கண்டுவிட்டு வந்த முகம்.

"நானா, சர்பத் கொண்டரட்டோ?"

அவர் போத்தலைத் தூக்கிக் காட்டினார். "இருக்குத் தங்கச்சி."

"எல்லாம் புதுச்சட்டியில சமைச்சது நானா. மீன்தான். கேக்குக்குள்ளயும் ஒரு துளி சாராயம் இல்லை."

"உங்களை நான் சந்தேகப்படேல்ல." அவருடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அது எனக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள கதை."

அகஸ்ரினா அதற்குமேல் கெஞ்சவில்லை. கேக் தட்டை அவர் பக்கத்து ஸ்ரூலில் வைத்துவிட்டு, சபூராவோடு வாசல் நிலையடியில் இருந்தாள். சந்தியோகு கடலைப் பற்றிக் கதைத்துப் பார்த்தார். மழையைப் பற்றிக் கதைத்துப் பார்த்தார். றசாக் 'ஓம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து றஞ்சிதம் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அவளுக்கு இந்தச் சபதம் ஒன்றும் தெரியாது.

"கேக் எப்பிடி நானா? அது நான் வாங்கின சர்க்கரை!"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். றஞ்சிதத்துக்கு அது போதும். ஸ்ரூல் பக்கத்தில் நின்றபடி கதையைத் தொடங்கிவிட்டாள். மூன்று கடை ஏறி இறங்கியதையும், மழையில் சுமந்து வந்ததையும், சரையை அவிழ்த்ததும் அகஸ்ரினா விழித்த விழியையும் நடித்தே காட்டினாள். "'டீக்குப் போடுற சக்கரை' எண்டு அழுறா நானா! நான் என்ன கண்டன்? இவ இந்தக் கரையில நிண்டுகொண்டு அந்தக் கரைச் சாமான் கேக்கிறா!"

றசாக்கின் தாடி அசைந்தது.

"சக்கரை எண்டா அங்க சீனியோ?"

"ஓம் நானா" என்றாள் அகஸ்ரினா வெட்கத்தோடு. "என்ர வாய் இன்னும் அகதி முகாமிலதான் நிக்குது."

அவர் சிரிக்கத் தொடங்கினார். "புத்தளத்தில நான் வாயைத் திறந்தாலே கடைக்காரன் சிரிப்பான். 'அகதி வந்திட்டாரு, என்ன வேணுமெண்டு கையால காட்டச் சொல்லு' எண்டுவான். கொஞ்சக் காலம் நான் ஊமை மாதிரிக் கையாலதான் சாமான் வாங்கினனான்."

"உங்களையும் அகதி எண்டுதான் கூப்பிட்டவையோ?"

"வேற பேர் வைச்சாத்தானே!" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "தங்கச்சி, நீங்களும் கையாலயே காட்டியிருக்கலாம். அப்ப இந்தக் கேக்..." என்று சொல்லிக்கொண்டே, சிரித்தபடி கை தட்டுக்குப் போய் ஒரு துண்டை எடுத்தது.

சபூரா அகஸ்ரினாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கேக் உதட்டுக்குக் கிட்ட வந்தபோதுதான் றசாக்குக்கே தெரிந்தது. சிரிப்பு நின்றது. அவர் அந்தக் கறுத்தத் துண்டைப் பார்த்தார். படலைக்கு வெளியே தெருவைப் பார்த்தார். பிறகு "பிஸ்மில்லாஹ்" என்று வாயில் வைத்தார்.

நெடுநேரம் மென்றார்.

"சபூரா," என்றார். "இது உம்மாட வட்டிலப்பம்."

சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலக்காயும் சேர்த்து அவிக்கிற அவர்களுடைய பெருநாள் பலகாரம் அது. அகஸ்ரினா அதை நினைத்து அடிக்கவில்லை. சீனி இல்லாத குறைக்கு அடித்தாள். அவர் இரண்டாம் துண்டை எடுத்தார். அதை முடித்து மூன்றாவதையும் எடுத்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"சோறு இருக்கெண்டு சொன்னியள், என்ன?"

அகஸ்ரினா துள்ளி எழும்பினாள். குசினிக்குள் ஓடினாள். அகப்பை பிடித்த கையாலேயே நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள். வெளியே சந்தியோகு செம்பைச் சரித்துத் தண்ணீர் ஊற்ற, றசாக் கை கழுவுகிற சத்தம் கேட்டது. எத்தனையோ பாட்டுப் பூசைகள் கேட்டிருக்கிறாள். அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றையும் அவள் கேட்டதில்லை.

விளைமீன் குழம்பும் கணவாய்ப் பொரியலும் முருங்கையிலை வறையும் வாழையிலைக்கு வந்தன. றசாக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மஹ்மூது நானாவின் மகள் வந்திருக்கிறாளாம் என்று கேள்விப்பட்டு, முன்பு கரையில் கூடி விளையாடிய பெண்களெல்லாம் ஒவ்வொருத்தியாகப் படலைக்குள் வந்தார்கள். கையோடு கொண்டுவந்த பலகாரங்கள் ஸ்ரூலில் குவிந்தன. இருக்க இடம் காணவில்லை. றஞ்சிதம் தன் வீட்டுக் கதிரைகளை வேலிக்கு மேலால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தந்தாள்.

"கால் உடைஞ்ச கதிரையில மெலிஞ்ச ஆக்கள் இருங்கோ! அகஸ்ரினா, நீ அதில இருக்காத!"

மண்டபத்தாள் என்று அவள் சொல்லவில்லை என்பதை அகஸ்ரினா கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம்முறை சோறு போட்டுக்கொள்ளும்போது றசாக் சந்தியோகுவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, காணியில பத்தை ஆளுயரத்துக்கு நிக்குது. கிணறும் தூந்துபோய்க் கிடக்கு. தை பிறக்கிறதுக்குள்ள வெட்டித் துப்புரவாக்கோணும். ஆள் எடுக்கலாமோ?"

"ஆள் என்னத்துக்கு நானா? வாடைக்கு வள்ளத்தைக் கரையில இழுத்து விட்டிட்டுச் சும்மாதான் இருக்கிறம். நானும் ரெண்டு பெடியளும் கத்தியோட வாறம்."

"அப்ப நாங்க திரும்பிறதுக்கு நாளைக்கு பஸ் இருக்குமோ?" என்றாள் சபூரா, சும்மா கேட்கிற மாதிரி.

"நாளைக்கு ஏன் அவசரம்?" என்றார் றசாக். "இன்னும் ஒருக்காக் காணியைப் பார்க்கவேணும். வேலி எங்க போடுறதெண்டு பார்க்கவேணும்."

சபூரா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அகஸ்ரினா பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. படலையில் இன்னும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அவள் குசினிக்குள் எட்டிச் சத்தம் போட்டாள்.

"றஞ்சிதக்கா! உலையில இன்னும் ரெண்டு கொத்து அரிசி போடுங்கோ!"